கேள்வி நேரம் இல்லாத போர்

கார்கில் மலைகளில் ஊடுருவல் நடந்திருப்பதை ஆடு மேய்ப்பவர்கள் பார்த்துச் சொன்னது 1999 மே 3 அன்று. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் 26 அன்று, மக்களவை கலைக்கப்பட்டிருந்தது. பத்து ஆண்டு கழித்து, 2009 பிப்ரவரி 26 அன்று, பதினான்காவது மக்களவை தன் கடைசிக் கூட்டத்தை முடித்துக்கொண்டது. அடுத்த மக்களவை ஜூன் 1 அன்று கூடியபோது இலங்கையின் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இன்னும் பத்து ஆண்டு கழித்து, 2019 பிப்ரவரி 13, பதினாறாவது மக்களவை கூடிய கடைசி நாள். மறுநாள் புல்வாமா தாக்குதல். அங்கிருந்து பன்னிரண்டு நாளில் பாலாகோட் குண்டுவீச்சு.

இதில் சதி தேட வேண்டியதில்லை. நம் நாட்டில் அவை கலைவதும் தேர்தல் வருவதும் பெரும்பாலும் கோடையை ஒட்டித்தான். இமயத்தில் பனி உருகுவதும் கோடையில்தான். ஆனால் தற்செயலாக அமைந்தது என்பதற்காக விளைவு சிறிதாகிவிடாது. மூன்று முறையும், அரசு சொன்னதை எழுந்து நின்று கேட்கும் உரிமை பெற்றவர்கள் கேட்க வேண்டிய இடத்தில் இல்லை.

சேத்தூரில் உட்கார்ந்து இதை எதற்குப் பேச வேண்டும் என்று தோன்றலாம். ராஜபாளையத்துக்கும் சிவகிரிக்கும் நடுவில், தென்காசி சாலையில் இருக்கும் ஒரு பேரூராட்சி. லடாக்கும் முல்லைத்தீவும் இங்கிருந்து வெகு தூரம். ஆனால் போரைப் பற்றி அரசைக் கேட்கச் சேத்தூர்க்காரருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் முக்கியமான வழி ஒன்று உண்டு: அவர் ஓட்டுப் போட்டு அனுப்பும் தென்காசித் தொகுதி எம்.பி. அந்த எம்.பி. பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒரு கேள்வியை அனுப்பலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னதும் துணைக் கேள்விகள் வரும். எழுதிக் கொடுத்த பதிலில் நாசூக்காக ஒளித்ததைத் துணைக் கேள்வியில் ஒளிப்பது சிரமம். தெரிந்தே பொய் சொன்னார் என்று தெரியவந்தால் அது உரிமை மீறல் பிரச்சினை. விசாரித்துச் சொல்கிறேன் என்று அமைச்சர் நழுவினால் அந்த வாக்குறுதியைத் துரத்துவதற்கென்றே அவையில் ஒரு குழு இருக்கிறது, 1953 முதல்.

இந்த ஏற்பாடு போர்க்காலப் பொய்யைத் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நாட்டிலும் எந்த அமைப்பும் அதைத் தடுத்ததில்லை. பொய்யின் ஆயுளைக் குறைக்கத்தான் அவற்றால் முடியும். சில பொய்கள் சில மாதங்களில் செத்தன, சில இரண்டு மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தன, சில அறுபது ஆண்டு தாண்டியும் உயிரோடு இருக்கின்றன. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் ஒரு பிரிவினை செய்துகொள்ள வேண்டும். படை எங்கே நிற்கிறது, எந்த இரவில் நகரும், எத்தனை குண்டு கையிருப்பு என்பவை ரகசியமாக இருக்க வேண்டியவை. அவற்றை வெளியிடச் சொல்கிறவர் யாருமில்லை. நடந்து முடிந்ததை நடக்கவில்லை என்பதும், இறந்தவர் எண்ணிக்கையை மாற்றுவதும், தோற்றதை வென்றதாகச் சொல்வதும் வேறு வகை. இந்த இரண்டாவது வகையில் ஏமாறுகிறவன் எதிரி அல்ல. விமானம் விழுந்ததும் ஆள் செத்ததும் எதிரிக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவர்கள் சொந்த ஊர் மக்கள் மட்டுமே.

இந்தியாவில் இதற்கு மூத்த வழக்கு அக்சாய் சின். அந்தப் பீடபூமியின் குறுக்கே சீனா சாலை போட்டு முடித்ததாக அறிவித்தது 1957-இல். இந்தியா அதிகாரபூர்வமாக எதிர்ப்புக் குறிப்பு அனுப்பியது 1958 அக்டோபரில். நாடாளுமன்றத்துக்கு நேரு அதைச் சொன்னது 1959 ஆகஸ்டு இறுதியில். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மக்கள் பிரதிநிதிகளிடம் மறைக்கப்பட்ட சாலை அது. வெளிவந்ததும் அவை கொந்தளித்தது. புல்லும் முளைக்காத இடம் என்று நேரு சொல்ல, காங்கிரசைச் சேர்ந்த மகாவீர் தியாகி தன் வழுக்கைத் தலையைக் காட்டி, இங்கேயும்தான் ஒன்றும் முளைக்கவில்லை, இதையும் கொடுத்துவிடலாமா என்று கேட்டதாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கேட்டவர் ஆளுங்கட்சிக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன் பிறகு நேரு செய்ததுதான் அபூர்வம். செப்டம்பர் 7 அன்று முதல் வெள்ளை அறிக்கை வந்தது. இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், குறிப்புகள் எல்லாம் அச்சில். அத்தோடு நிற்காமல் அடுத்தடுத்து வெள்ளை அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒவ்வொரு கடிதமும் அவையில் வாசிக்கப்படும் என்று தெரிந்த பிறகு விட்டுக்கொடுத்துப் பேசும் இடம் பிரதமருக்குச் சுருங்கியது. ஓர் அங்குல நிலம்கூட விடமாட்டோம் என்ற வீரவசனங்களை அவையே வளர்த்தது. நாடாளுமன்றம் எப்போதும் நிதானத்தின் பக்கம் நிற்கும் என்று நம்புகிறவர்கள் 1959 முதல் 1962 வரையிலான அவைக்குறிப்புகளைப் படித்துப் பார்க்கலாம்.

1962 அக்டோபர் 20 அன்று சீனத் தாக்குதல் தொடங்கியது. 26 அன்று அவசரநிலை. நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டம் நவம்பர் மூன்றாம் வாரம்தான் தொடங்க வேண்டும். ஜனசங்கத்தின் 37 வயதுத் தலைவர் ஒருவர், மாநிலங்களவைக்கு அந்த ஆண்டுதான் வந்தவர், அவையை முன்கூட்டியே கூட்டுங்கள் என்று நேருவிடம் போய்க் கேட்டார். அவர் பெயர் அடல் பிகாரி வாஜ்பாய். நேரு ஒப்புக்கொண்டார். அவை நவம்பர் 8 அன்று கூடியது. ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்று எல்.எம். சிங்வி யோசனை சொன்னார். நாடே கவலைப்படும் விஷயத்தை மூடிய கதவுக்குப் பின்னால் பேச முடியாது என்று நேரு மறுத்தார். போர் முடியாத அந்த வாரத்தில் மக்களவையில் 165 பேர் பேசினார்கள். பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன், அவை கூடுவதற்கு முந்தைய நாள் அமைச்சரவையிலிருந்தே வெளியேறியிருந்தார். அவை கூடப்போகிறது என்ற செய்தியே பாதி வேலையைச் செய்துவிட்டது.

பேசியதால் போரில் வென்றோமா? இல்லை. விவாதம் முடிந்த சில நாட்களிலேயே சே லாவிலும் பொம்டிலாவிலும் இரண்டாவது சரிவு வந்தது, முதலாவதைவிட மோசமாக. அதே அவசரநிலையின் கீழ் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் கம்யூனிஸ்டுகள் நூற்றுக்கணக்கில் விசாரணையின்றிச் சிறைக்குப் போனார்கள். போர் ஒரு மாதத்தில் முடிந்தது, அவசரநிலை 1968 ஜனவரி வரை நீடித்தது. இடதுசாரிகளுக்கு 2004-லும் 2009-லும் மக்களவை இடத்தைக் கொடுத்த தென்காசித் தொகுதியில் இதை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கக்கூடும். ஆக 1962 ஒரு பொற்காலம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போரின் நடுவில் அவையைக் கூட்டினால் நாடு உடைந்துவிடாது என்பதற்கு மட்டும் அது சான்று.

அந்தப் போரைப் பற்றி ராணுவமே ஒரு விசாரணை நடத்தியது. லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பி.எஸ். பகத் இருவரின் அறிக்கை 1963-இல் தயாரானது. செப்டம்பர் 2 அன்று அமைச்சர் ஒய்.பி. சவாண் நாடாளுமன்றத்தில் அதன் சாரம் என்று ஒன்றை வாசித்தார். முழு அறிக்கை இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளிவரவில்லை. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார். மத்தியத் தகவல் ஆணையம் 2010 மார்ச்சில் மறுத்தது. 2014 மார்ச்சில் நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் தன்னிடமிருந்த பெரும் பகுதியை இணையத்தில் போட்டார். அப்போது எதிர்க்கட்சியிலிருந்த அருண் ஜேட்லி, இத்தகைய ஆவணங்களைக் காலவரையின்றிப் பூட்டிவைப்பது சரியல்ல என்று எழுதினார். இரண்டு மாதத்தில் அவரே பாதுகாப்பு அமைச்சர். அறிக்கையை வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று மாநிலங்களவையில் பதில் தந்தார். நாற்காலி மாறினால் கருத்தும் மாறும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

1971-இல் அவை கூடியிருந்தது. வங்கதேசத்தை அங்கீகரிப்பதை டிசம்பர் 6 அன்றும், டாக்கா வீழ்ந்ததை 16 அன்றும் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில்தான் அறிவித்தார். அதே நாட்களில் மேற்குப் பாகிஸ்தானில் கூடுவதற்கு அவையே கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட அவையைக் கூட்ட மறுத்ததுதானே அந்தப் போரின் தொடக்கம். பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன. கடைசி நாள்வரை வெற்றிச் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்குத் திடீரென்று ஒரு மாலையில் பாதி நாடு போய்விட்டது. என்ன நடந்தது என்று விசாரித்த ஹமூதுர் ரஹ்மான் கமிஷனின் அறிக்கை 2000 வரை பூட்டியே கிடந்தது. அதுவும் ஓர் இந்தியப் பத்திரிகை பகுதிகளை வெளியிட்ட பிறகுதான் இஸ்லாமாபாத் வாய் திறந்தது.

கார்கில் போரில் மக்களவை இல்லை என்றாலும் மாநிலங்களவை இருந்தது. அது கலையாத அவை. அதைக் கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கூட்டப்படவில்லை. பிரதமர் யார் என்றால், 1962-இல் நேருவிடம் போய் அவையைக் கூட்டச் சொன்ன அதே வாஜ்பாய்.

ஆனால் அவர் அரசு வேறொன்றைச் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். போர் முடிந்து மூன்றே நாளில், 1999 ஜூலை 29 அன்று, கார்கில் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். உளவு அமைப்புகள் கோட்டைவிட்டதைக் குழு எழுதியது. அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. முழுமையற்ற உண்மைதான், ஆனால் ஏழு மாதத்தில் வந்த உண்மை. ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய தூரம் என்பது விளங்கும்.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தன் பங்குக்கு 2001 டிசம்பரில் ஓர் அறிக்கை தந்தார். போருக்கென்று அவசரமாக வாங்கிய தளவாடங்களில் பெரும்பகுதி போர் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது என்றது அது. வீரர்களின் உடலை எடுத்துவர அமெரிக்காவில் வாங்கிய அலுமினியச் சவப்பெட்டிகளில் முதலில் வந்த 150 பெட்டிகள் எடை மிகுந்து பயன்படாமல் கிடந்ததையும் சொன்னது. அவை அல்லோலகல்லோலப்பட்டது. சிபிஐ வழக்குப் போட்டது. 2013-இல் நீதிமன்றம் போதிய ஆதாரமில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. தணிக்கையாளர் எழுப்பிய சந்தேகத்தை நீதிமன்றம் எடைபோட்டுத் தள்ளியது. இதைத் தணிக்கையின் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. கேள்வியும் ஓர் அமைப்பிலிருந்து வந்தது, திருத்தமும் ஓர் அமைப்பிலிருந்தே வந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டு வழக்கு ஒன்று. 1982 மே 2 அன்று பாக்லாந்து போரில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் படையை நோக்கி வந்துகொண்டிருந்த கப்பல் என்று அமைச்சர் மறுநாளுக்கு மறுநாளே நாடாளுமன்றத்தில் சொன்னார். உண்மையில் அது விலகிப் போய்க்கொண்டிருந்தது, அதுவும் பிரிட்டன் அறிவித்த தடை வளையத்துக்கு வெளியே. டாம் டாலியல் என்ற எம்.பி. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குத் தவறான பதில் தயாரிக்கும் வேலை பாதுகாப்பு அமைச்சகத்தில் நடக்கிறதென்று கண்ட கிளைவ் பான்டிங் என்ற அதிகாரி 1984-இல் ஆவணங்களை அவருக்கே அனுப்பினார். அரசு ரகசியச் சட்டத்தில் வழக்கு. அரசு எதைப் பொதுநலன் என்கிறதோ அதுவே பொதுநலன் என்று நீதிபதி ஜூரிக்கு எடுத்துச் சொன்னார். ஜூரி கேட்கவில்லை, 1985 பிப்ரவரியில் பான்டிங்கை விடுவித்தது. கேள்வி கேட்க ஒரு எம்.பி., காகிதத்தைக் கொடுக்க ஓர் அதிகாரி, அவரைச் சிறைக்கு அனுப்ப மறுக்கப் பன்னிரண்டு பேர். மூன்று கண்ணியில் ஒன்று அறுந்திருந்தாலும் அந்தப் பொய் நிலைத்திருக்கும். நம் அரசு ரகசியச் சட்டம் 1923-இல் அதே பிரிட்டிஷ் குடும்பத்தில் பிறந்தது, இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஜூரி முறையை நாம் எப்போதோ கைவிட்டுவிட்டோம்.

அவை கூடினால் போதுமா என்ற கேள்விக்கு இலங்கை பதில் சொல்கிறது. 2005 ஆகஸ்டு முதல் 2011 ஆகஸ்டு வரை அங்கே அவசரநிலை. அதை மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் கூடி, விவாதித்து, வாக்களித்து நீட்டிக்க வேண்டும். தவறாமல் நீட்டித்தது. நம் அவையைவிட ஒழுங்காகக் கூடிய அவை அது. ஆனால் அங்கே எழுந்து கேட்டிருக்கக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் ஜோசப் பரராஜசிங்கம் 2005 கிறிஸ்துமஸ் இரவு வழிபாட்டில், மட்டக்களப்புத் தேவாலயத்துக்குள். நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில், கொழும்பில் பட்டப்பகலில். ஐக்கிய தேசியக் கட்சியின் தி. மகேஸ்வரன் 2008 புத்தாண்டு நாளில், கோவிலில். சிவநேசன் அதே ஆண்டு மார்ச்சில், கிளைமோர் வெடியில். 2009 ஜனவரி 8 அன்று சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, வேலைக்குப் போகும் வழியில். சுயேச்சையான ஆணையங்களை நியமிக்க வேண்டிய அரசியலமைப்புச் சபையின் காலம் 2005-இல் முடிந்தது, புதிது அமைக்கப்படவில்லை. மனித உரிமை ஆணையத்துக்கு ஜனாதிபதியே ஆள் போட்டார். 2007-இல் அதன் சர்வதேசத் தகுதி ஒரு படி இறக்கப்பட்டது. சுவர்கள் நின்றன, தூண்கள் இல்லை.

அதற்குப் பிறகு சொல்லப்பட்ட எண்ணைப் பாருங்கள். 2009 பிப்ரவரியில் வன்னியில் சிக்கியிருக்கும் மக்கள் சுமார் 70,000 பேர் என்றது கொழும்பு. களத்திலிருந்த மாவட்ட நிர்வாக அதிகாரிகள் மூன்று லட்சத்துக்கு மேல் என்று எழுதியிருந்தார்கள். போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டவர்களை எண்ணியபோது ஏறத்தாழ 2,90,000 பேர். உயிரோடு வந்தவர்களே அத்தனை பேர். 70,000 என்பது பிரசாரத்துக்குச் சொன்ன எண்ணாக மட்டும் இருந்திருந்தால் அதை மறந்துவிடலாம். அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை மூட்டை அரிசி, எவ்வளவு மருந்து உள்ளே போக வேண்டும் என்று அளந்தார்கள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது பேண்டேஜ் துணி. ஒரு மருத்துவமனைக்கு நாளொன்றுக்கு அது எவ்வளவு தேவை என்று இந்த வட்டாரத்தில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் உண்டு. நான்கில் ஒரு பங்கு ஆட்களுக்குக் கணக்கிட்டு அனுப்பினால் மீதி முக்கால் பங்குக் காயங்களுக்கு என்ன கட்டுவது?

பொதுமக்களில் ஒருவர்கூட இறக்கக் கூடாது என்பதே தன் கொள்கை, இது மனிதாபிமான நடவடிக்கை என்றது இலங்கை அரசு. வன்னியில் கடைசிவரை இருந்த ஐந்து மருத்துவர்கள் சாவு எண்ணிக்கையை வெளியே சொன்னார்கள். வெளியே வந்ததும் காவலில் வைக்கப்பட்டார்கள். ஜூலை 8 அன்று பத்திரிகையாளர் முன் கொண்டுவரப்பட்டு, நாங்கள் சொன்னது மிகை என்றார்கள். ஐ.நா.வின் கொழும்பு அலுவலகம் மே 13 வரை 7,721 பேர் இறந்ததாகத் தன் கோப்பில் எண்ணி வைத்திருந்தது. அதை வெளிப்படையாக அறிவிக்கவில்லை என்று ஐ.நா.வே அமைத்த பெட்ரி குழு 2012-இல் கண்டித்தது. விடுதலைப் புலிகள் பக்கத்திலும் உண்மைக்கு இடமில்லை. தப்பிப் போக முயன்ற சொந்த மக்களை அவர்கள் சுட்டதை ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்திருக்கிறது. கேள்வி கேட்கும் எந்த அமைப்பையும் தங்கள் ஆட்சிப் பகுதியில் அவர்கள் விட்டுவைத்ததில்லை.

அந்த நிபுணர் குழு 2011 ஏப்ரலில், இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சகம், இவ்வளவு பெரிய போரில் பொதுமக்கள் யாருமே இறக்காமல் இருப்பது இயலாது என்று ஒப்புக்கொண்டது. 2012-இல் இலங்கை அரசின் புள்ளிவிவரத் துறையே வடமாகாணத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, இயற்கைக்கு மாறாக 2009-இல் இறந்தவர்கள் 7,000-க்கும் மேல் என்று வெளியிட்டது. அந்த எண் குறைவு என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் பூஜ்யத்தைக் கொன்றது அரசாங்கத்தின் சொந்த எண்ணும் அலுவலகம். பூஜ்யத்தின் ஆயுள் சுமார் இரண்டரை ஆண்டு.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நாள் உண்டு: 2009 ஏப்ரல் 27. காலையில் முதலமைச்சர் கருணாநிதி மெரினாவில் அண்ணா சமாதி அருகே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மதியத்துக்குள் கொழும்பிலிருந்து அறிவிப்பு வந்தது: போர் நடவடிக்கைகள் முடிவுக்கு வந்துவிட்டன, கனரக ஆயுதங்களும் விமானக் குண்டுவீச்சும் நிறுத்தப்படும். டெல்லி அதை நம்பத்தகுந்த செய்தியாக எடுத்துச் சொன்னது. உண்ணாவிரதம் முடிந்தது. ஷெல் வீச்சு முடியவில்லை. தொடர்ந்து நடந்ததை நிபுணர் குழு பிற்பாடு விரிவாக எழுதியது. அடுத்த நாட்களில் கேட்டபோது, மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று முதல்வர் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். மே 13 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. மே 18, 19-இல் எல்லாம் முடிந்தது.

கருணாநிதியைத் திட்டுவதும் காப்பதும் பதினைந்து ஆண்டுக்கு மேலாக நடக்கிறது, அதில் நான் இறங்கவில்லை. அந்த ஏப்ரலில் நாடாளுமன்றம் நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் யோசிக்கிறேன். 28-ஆம் தேதியே எந்தக் கட்சி எம்.பி.யாவது எழுந்து, கொழும்பின் அறிவிப்பை இந்தியா எந்த வழியில் சரிபார்த்தது என்று வெளியுறவு அமைச்சரைக் கேட்டிருப்பார். பதில் சொல்ல அமைச்சர் தூதரகத்தைக் கேட்டிருப்பார். ஷெல் நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். சரிபார்க்கவில்லை என்ற உண்மை, வாக்குப்பதிவுக்கு முன் அவைக்குறிப்பில் ஏறியிருக்கும்.

2019-க்கு வருவோம். பாலாகோட்டுக்கு மறுநாள், பிப்ரவரி 27 காலை, காஷ்மீரின் பட்காமில் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்தது. விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். சுட்டது நம் ஏவுகணையே என்று விமானப்படைத் தளபதி பகிரங்கமாகச் சொன்னது அக்டோபர் 4 அன்று. இடையில் மே 23-இல் தேர்தல் முடிவு வந்திருந்தது. இந்த மூன்று தேதிகளுக்கு என் பக்கத்திலிருந்து விளக்கம் எதுவும் வேண்டியதில்லை.

2020-இல் தேர்தல் சாக்கும் இல்லை. ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹவில்தார் பழனி, ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். சேத்தூரும் 1985 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை என்று பிரதமர் 19 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் சொன்னார். அப்படியானால் வீரர்கள் எங்கே, எதற்காக இறந்தார்கள் என்று நாடே கேட்டது. மறுநாள் பிரதமர் அலுவலகம் விளக்கம் கொடுத்தது. நாடாளுமன்றம் கூடியது மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 14. கொரோனாவைக் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் எடுக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பு அமைச்சர் அறிக்கை வாசித்தார். எதிர்க்கட்சி பேச வாய்ப்புக் கிடைக்காமல் வெளியேறியது. 2021 டிசம்பரில், சீனர்கள் மெய்யான எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டினார்களா என்று மாநிலங்களவையில் ஒரு உறுப்பினர் அனுப்பிய கேள்வியைத் தேச நலன் கருதி அனுமதிக்க முடியாது என்று செயலகம் திருப்பியது. கேட்டவர் பாஜகவின் சுப்பிரமணியன் சுவாமி.

2025 மே 7 முதல் 10 வரை பாகிஸ்தானுக்கு எதிராக ஆபரேஷன் சிந்தூர். சிறப்புக் கூட்டம் கேட்டு 16 கட்சிகள் பிரதமருக்குக் கடிதம் எழுதின. அவை ஜூலை 21-இல் வழக்கமான மழைக்காலக் கூட்டத்துக்குத்தான் கூடியது, விவாதம் 28-இல் தொடங்கியது. அதற்குள், இந்தியா போர் விமானங்களை இழந்தது உண்மை என்று முப்படைத் தலைமைத் தளபதி மே 31 அன்றே ஒப்புக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில், ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சியிடம். அந்த நேர்மையை நான் குறை சொல்லவில்லை. தென்காசி எம்.பி.க்கு முன்னால் புளூம்பெர்க் நேயர்களுக்குத் தெரிந்த செய்தி அது.

1962-இல் பத்தொன்பது நாள். 2020-இல் மூன்று மாதம். 2025-இல் பதினோரு வாரம். தாக்குதல் தொடங்கியதிலிருந்து அவை கூடுவதற்கு ஆன காலம் இது. ரயில் வேகம் கூடியிருக்கிறது, எம்.பி.க்கள் விமானத்தில் வந்து போகிறார்கள், அவை மட்டும் தாமதமாகிறது.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அரசியலமைப்பின் 85-ஆவது பிரிவு, இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவில் ஆறு மாதம் ஆகக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. கூட்டுகிறவர் குடியரசுத் தலைவர், அமைச்சரவையின் ஆலோசனைப்படி. அதாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே கேள்வி எப்போது கேட்கப்படலாம் என்று முடிவு செய்கிறார்கள். மக்களவை ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள் கூட வேண்டும் என்று அரசியலமைப்பு மறுஆய்வு ஆணையம் 2002-இல் பரிந்துரைத்தது. 2019 முதல் 2024 வரை இருந்த மக்களவை ஐந்து ஆண்டில் கூடியது மொத்தம் 274 நாள். இப்போதைய மக்களவையின் காலம் 2029 ஜூனில் முடிகிறது; அந்தக் கோடையிலும் பனி உருகும்.

வாசல் முழுக்க அடைபட்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. நெருக்கடிநிலை அனுபவத்துக்குப் பிறகு, 1978-இல், 44-ஆவது திருத்தத்தில் ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள்: 352(8). அவசரநிலையை விலக்கிக்கொள்ளும் தீர்மானத்துக்காக மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால் பதினான்கு நாளுக்குள் சிறப்பு அமர்வு நடத்தியே ஆக வேண்டும். அமைச்சரவையின் விருப்பத்துக்கு அங்கே வேலையில்லை. 543 பேரில் 55 கையெழுத்துப் போதும். ஆனால் அவசரநிலை அறிவிக்கப்பட்டிருந்தால்தான் அந்த உட்பிரிவு உயிர் பெறும். கார்கிலிலும் பாலாகோட்டிலும் கல்வானிலும் சிந்தூரிலும் அவசரநிலை அறிவிக்கப்படவில்லை. எல்லையில் ராணுவ நடவடிக்கை தொடங்கினாலும் அதே பத்தில் ஒரு பங்கு, அதே பதினான்கு நாள் என்றும், மக்களவை கலைந்திருந்தால் அந்த உரிமை மாநிலங்களவைக்கு என்றும் இரண்டு வாக்கியம் சேர்த்தால் போதும். இதை எந்தக் கட்சியும் தன் தேர்தல் அறிக்கையில் பிரதான வாக்குறுதியாக முன்வைத்து நான் பார்த்ததில்லை. ஆட்சிக்கு வர வாய்ப்புள்ள கட்சி எதுவும் அதை எழுத யோசிக்கும், ஏனென்றால் அடுத்த போரில் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் தாங்களே இருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தெரியும். தென்காசியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கச் சேத்தூருக்கு 2029 வரை நேரம் இருக்கிறது.